கல்லைப் பார்க்கப் போன தையல்காரர்

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் மனைவிக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியத்தையாவது செய்து முடித்துவிடுவது என்று தையல்காரர் தீர்மானம் எடுத்தார். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. கையில் தபால்காரரின் கால்சட்டை.

இதற்கு முன்பு முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு தடவை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வாயே திறக்காமல் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார். நாலாம் நாள் காலையில் அவள் கேட்டாள்: “மூணு நாளா வீடு நிம்மதியா இருக்கே, எந்தப் பல்லு?”

தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதன் முழு அர்த்தம் கல்யாணத்துக்குப் பிறகுதான் விளங்கியது. கடையில் தையல் அவர் கையில் இருந்தது. வீட்டில் அவர் தையல் கையில் இருந்தார்.

அவளுக்கு வேலை தபால் நிலையத்தில். வருகிற கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து, சின்னச் சின்ன அறைகள் போட்ட மர அலமாரியில் எறிய வேண்டும். முப்பது வருடமாக எறிகிற கை. எந்த உறையைப் பார்த்தாலும் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லிவிடுவாள். புருஷனும் அவளுக்கு ஓர் உறைதான். எவ்வளவு ஒட்டி வைத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உள்ளே இருப்பதைப் படித்துவிடுவாள்.

தபால்காரர் அன்று வந்தது கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்துவதற்கு. மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தவர், ஏதோ வானிலை சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“அந்த மலையடி ஊர்ல, ஆயிரக்கணக்கான வருஷத்துப் பாறைச் சித்திரம் இருக்கே. அங்க காவலுக்கு இருந்தவர் ரொம்ப முடியாம கிடக்காராம்.”

“யார் சொன்னா?”

“தபால்காரனுக்கு யார் வந்து சொல்லணும்? நெஞ்செல்லாம் கல்தூசியாம். மூச்சு விடறதே பாடா இருக்காம். இந்த மாசத்தைத் தாண்டினா பெரிய விஷயம்னு பேசிக்கிறாங்க.”

“எனக்கென்ன?” என்றார் தையல்காரர். மிஷினை மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார்.

தபால்காரர் போட்டுப் பார்த்தபோது இடுப்பு கேட்டபடியே தளர்ந்திருந்தது. கைதான் உள்ளே போகவில்லை. இரண்டு பைகளையும் வாய்ப்பக்கம் சேர்த்துத் தைத்து மூடியிருந்தார் தையல்காரர்.

பாறைக்குக் காவல் இருந்த அந்த மனிதர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். இருவரும் பேசி இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை. அம்மா. கடைசி மூன்று மாதம் அம்மா படுத்த படுக்கையாக இருந்தது சின்னவர் வீட்டில். புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் அவரும் அவர் மனைவியும். அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கேட்டது ஒரே கேள்வி: “பெரியவன் வந்துட்டானா?” சின்னவர் தகவல் மேல் தகவல் அனுப்பினார். பெரியவர் வரவில்லை. எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்ட மறுநாள், கையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார்.

“நீ கல்லுக்கே காவல் இரு,” என்றார் தம்பி. “மனுஷங்க இருக்கிற பக்கம் வராதே.”

அண்ணன் ஒரு நிமிடம் நின்றார். “சரி” என்றார். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் போய்விட்டார். அந்த ‘சரி’தான் இருபத்திரண்டு வருடமாகத் தையல்காரரைத் தைத்துக்கொண்டிருந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், திரும்ப ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். சரியாம், சரி!

ஆகவே போக வேண்டும். ஆனால் போனதாகத் தெரியக்கூடாது. குறிப்பாக மனைவிக்கு. “அந்த ஆள் பேச்சை இந்த வீட்டில் எடுக்காதே” என்று அவளிடம் எழுநூறு தடவையாவது சொன்ன வாய், இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாற்றிச் சொல்வது?

அன்று மாலை அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்தார்.

“நாம எங்கயாவது போயிட்டு வரலாமா?”

“எங்க, மொட்டை மாடிக்கா?”

“வெளியூருக்கு.”

“யாரு செத்தா?”

“யாரும் சாகல. சும்மா, காத்து வாங்க.”

“இங்க காத்துக்கு என்ன குறைச்சல்?”

“மலைக்காத்து வேணுமாம். டாக்டர் சொன்னாரு.”

“எந்த டாக்டர்?”

கொஞ்சம் தடுமாறினார். “பல் டாக்டர்.”

“பல்லுக்கு மலைக்காத்தா?”

“பல்லுக்கு இல்ல. ஈறுக்கு.”

அவள் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, போகலாம்,” என்றாள். “லீவு சொல்லிட்டு வரேன்.”

முப்பத்தொரு வருடத்தில் அவள் கேட்ட அன்றைக்கே சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மனுஷன் அப்போது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டார்.

மலையடி ஊர் ஒரே தெருவில் முடிந்துவிடுகிற சின்ன ஊர். ஒரு பக்கம் கலங்கலாக ஓடுகிற ஆறு. மறுபக்கம் புல் பூண்டு இல்லாத மலை. ஆற்றோரமாக ஒரு மைல் போனால் கருப்புப் பாறைகள். அந்தப் பாறைகளில் எந்தக் காலத்து மனிதர்களோ கல்லால் கொத்திக் கொத்திப் போட்ட மலையாடுகள், வேட்டைக்காரர்கள், சக்கர வண்டிகள், உள்ளங்கைகள். ஊரே அந்த ஆடுகளை மேய்த்துத்தான் பிழைத்தது. விடுதி அறையில் துண்டில் ஆடு, கோப்பையில் ஆடு, கதவு எண்ணுக்குப் பக்கத்தில் ஆடு. குளியலறைச் சோப்பைத் திருப்பினால் அதிலும் ஓர் ஆடு.

“கல் பாக்கத்தானே வந்தீங்க?” என்று கேட்டார் விடுதிக்காரர்.

“இல்ல.”

“அப்ப எதுக்கு?”

“காத்துக்கு.”

விடுதிக்காரர் அவர் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவளோ சாமான்யப்பட்டவளா? “எனக்கும் கல்லு வேண்டாம், மண்ணு வேண்டாம். நான் கடைத்தெருவுக்குப் போறேன். கம்பளி நூல் பாக்கணும். நீங்க உங்க ஈறுக்குக் காத்து காட்டுங்க,” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மனைவியை எப்படி வெளியே அனுப்புவது என்று பஸ்ஸில் ஆறு மணி நேரம் யோசித்து அவர் தயாரித்து வைத்திருந்த நான்கு பொய்களும் வீணாயின.

தையல்காரர் இதற்கென்றே தைத்துக் கொண்டுவந்திருந்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டார். கருப்புக் கண்ணாடி மாட்டினார். தொப்பியைப் புருவம் வரை இறக்கினார். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை. அறை இருட்டாக இருந்ததும் ஒரு காரணம்.

பாறைப் பகுதிக்குக் கம்பி வேலி போட்டு, வாசலில் ஒரு சின்னக் கூண்டு வைத்திருந்தார்கள். கூண்டுக்குள் நுழைவுச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தது அண்ணி. தலை முழுக்க வெளுத்துவிட்டது. அவர் குரலை மாற்றி, “ஒண்ணு” என்றார். அண்ணி நிமிர்ந்து பார்க்காமலே சீட்டைக் கொடுத்தார்.

“கருப்புக் கண்ணாடி போட்டா கல்லுல ஒண்ணும் தெரியாது. கழட்டிட்டுப் பாருங்க.”

அவர் கழற்றவில்லை. உள்ளே போனார். பாறைகளுக்கு நடுவில் நின்றார். உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நீலக் கதவு போட்ட ஒரு சின்ன வீடு மட்டும் தெரிந்தது. உள்ளிருந்து இருமல் வந்தது. நீளமான இருமல். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் அடியிலிருந்து கிளம்புகிற இருமல். அதற்குள்ளேயும் அந்தப் பழைய குரல் அவருக்கு அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் ஆற்றில் குதிக்கப் போகும்போது “வாடா!” என்று கூப்பிட்ட குரல்.

வீட்டுப் பக்கம் போகாமலே திரும்பி வந்துவிட்டார்.

“நூல் கிடைச்சுதா?” என்று மாலையில் மனைவியைக் கேட்டார்.

“நிறம் சரியில்ல. நாளைக்கும் போகணும். காத்து எப்படி?”

“நல்லா இருந்துச்சு.”

மறுநாள் தொப்பியை மாற்றினார். சீட்டு வாங்கினார். நேராக நீலக் கதவு வரைக்கும் போய், தட்டுவதற்குக் கையைக் கூடத் தூக்கிவிட்டார். உள்ளே யாரோ மெல்லப் பேசுகிற சத்தம், அதற்கு நடுவில் இருமலோடு கலந்து ஒரு சிரிப்பு. செத்துக்கொண்டிருக்கிற ஆள் சிரிக்கிறானா? ஒருவன் இங்கே இரண்டு நாளாகச் சீட்டு வாங்கிச் சீரழிகிறான், இவனுக்குச் சிரிப்பு கேட்கிறதா? கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் திரும்பிப் போவது சுலபமாக இருந்தது.

“நூல்?”

“நீளம் பத்தல.”

மூன்றாம் நாள் அவர் கூண்டுக்கு முன்னால் போய் நின்று “ஒண்ணு” என்றபோது அண்ணி சீட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

“போதும் தம்பி. இதுக்கு மேல சீட்டு கிழிச்சா எனக்கே பாவமா இருக்கு. உள்ள வந்து டீ குடிங்க.”

“நீங்க யாரையோ நினைச்சுக்கிட்டு...”

“கண்ணாடியைக் கழட்டுங்க, முதல்ல. உங்க பொண்டாட்டி மூணு நாளா எங்க வீட்லதான் இருக்கா.”

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

நீலக் கதவுக்கு உள்ளே ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் அவர் மனைவி, மடியில் சூப் கிண்ணம், கையில் ஸ்பூன். அவரைப் பார்த்ததும், “கதவைச் சாத்துங்க, குளிர் வருது,” என்றாள். அவ்வளவுதான்.

கட்டிலில் இருந்தவரைத் தையல்காரரின் கண்கள் பழக்கதோஷத்தில் அளவெடுத்துவிட்டன. ஒரு காலத்தில் நாற்பத்திரண்டு அங்குல மார்பு. ஊரில் அண்ணன் சட்டைக்கு மட்டும் துணி கூடுதலாக வேண்டும். இப்போது முப்பத்திரண்டுகூட வராது. கழுத்து பதின்மூன்று. தோளில் எலும்பு எண்ணலாம். அளவு நாடா இல்லாமலே, ஒவ்வொரு எண்ணாக, அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“கோட்டு ரொம்ப நல்லா இருக்குடா,” என்றார் அண்ணன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினார். “மூணு நாளா ஜன்னல் வழியாப் பாக்கறேன். இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கு.”

“அது தோளே அப்படித்தான்,” என்றார் தம்பி.

இருபத்திரண்டு வருடம் கழித்துப் பேசிக்கொண்டது இதுதான்.

அண்ணி அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “உங்க லெட்டர் எல்லாம் பத்திரமா இருக்கு தம்பி.”

“என் லெட்டரா?”

டப்பாவுக்குள் வருடவாரியாக நூல் போட்டுக் கட்டின கடிதங்கள். மாதத்துக்கு ஒன்று. ஒன்றை உருவிப் பிரித்தார். ‘அன்புள்ள அண்ணனுக்கு, உன் தம்பி எழுதுவது. விரலில் ஊசி குத்திவிட்டதால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். உன் இருமல் எப்படி இருக்கிறது? குளிரில் வெளியே நிற்காதே.’ இன்னொன்று. ‘விரல் இன்னும் ஆறவில்லை.’ பத்து வருடம் கழித்து ஒன்று. ‘மறுபடியும் அதே விரல்.’

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சூப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, இதெல்லாம் நான்...”

“தெரியும்டா,” என்றார் அண்ணன். “நீ எழுதினா ரகரத்துக்கும் றகரத்துக்கும் அடிதடி நடக்கும். இதுல ஒரு பிழை இல்ல. முதல் லெட்டர்லயே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லல?” இதைக் கேட்டது மனைவி. கையில் ஸ்பூன் அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கும் இது செய்தி.

“சொன்னா லெட்டர் நின்னுடுமேம்மா.”

தையல்காரர் டப்பாவை மூடி வைத்தார். வெளியே வந்துவிட்டார். பாறைகளுக்கு நடுவில் விறுவிறு என்று நடந்தார். பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது.

“நில்லுங்க.”

“நீ பேசாதே. ஒருத்தன் பேரைப் போட்டு இன்னொருத்தர் எழுதறது என்ன தெரியுமா? மோசடி. தபால்ல வேலை பாக்கறே, இது கூடவா தெரியாது?”

“தெரியும்.”

“இங்க வரப்போறேன்னு எப்ப தெரிஞ்சுது?”

“தபால்காரரை உங்க கடைக்கு அனுப்பினதே நான்தான். அவருக்கு இடுப்பு சரியாத்தான் இருந்துச்சு. பாவம், இப்ப அவர் பை இல்லாம திரியறாரு.”

“என்னை முட்டாளாக்கிட்டே.”

“இல்லேன்னா கிளம்பியிருப்பீங்களா? நானா ‘உங்க அண்ணனைப் பாக்கப் போகலாம்’னு சொல்லியிருந்தா, இந்நேரம் எழுநூத்தி ஒண்ணாவது தடவையா அந்த வசனத்தைக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.”

பதில் வராதபோது வருகிற கோபம் வந்தது. “அதுக்காக அடுத்தவன் குரல்ல பேசறதா? இருபத்திரண்டு வருஷம்! எங்கடி கத்துக்கிட்டே இதை?”

“உங்ககிட்டத்தான்,” என்றாள்.

“என்ன?”

“அத்தை போன அன்னிக்குக் காலைல. நான் தண்ணி எடுத்துக்கிட்டு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. நீங்க கட்டில் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்திருந்தீங்க. ‘பெரியவன் வந்துட்டானா’ன்னு கேட்டாங்க. நீங்க...” முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். “நான் சத்தம் போடாம திரும்பிப் போயிட்டேன்.”

தையல்காரர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த பாறையில் யாரோ கொத்தின ஆடுகள் வரிசையாக மலையேறிக்கொண்டிருந்தன. அவர் அழுததை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இதை உங்க பேர்ல நான் எழுத முடியாதுங்க,” என்றாள். “போய் நீங்களே சொல்லுங்க.”

அவர் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணி வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

“அண்ணே, அன்னிக்கு அம்மா உன்னைத்தான் கேட்டாங்க.”

“தெரியும். நான் வரல.”

“கேளு, முழுசா. அவங்களுக்குக் கண்ணு தெரியல, கடைசில. ‘பெரியவன் வந்துட்டானா’ன்னாங்க. தாங்க முடியல. ‘வந்துட்டேம்மா, பெரியவன்தான்’னேன்.”

அண்ணன் மூச்சு ஒரு தரம் நின்று மறுபடி ஓடியது.

“கையைக் குடுன்னாங்க. குடுத்தேன். தடவிப் பாத்தாங்க. என் விரல்ல எல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பு. ‘கல்லுகிட்டயே இருந்து கையும் கல்லாயிடுச்சே’ன்னாங்க. அவ்வளவு சந்தோஷம். மூணு மாசம் நான் அள்ளித் துடைச்சேன். போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு உன்கூட இருந்தாங்க. நீ மறுநாள் வாசல்ல வந்து நின்னப்ப, அதான்... எனக்கு அதான்.”

“ம்.”

“இன்னும் ஒண்ணு இருக்கு. அவங்க உனக்கு ஒண்ணு சொன்னாங்க. அது உனக்குச் சொன்னது. நான் வச்சுக்கிட்டேன். குடுக்கவே இல்ல.”

“என்ன சொன்னாங்க?”

தையல்காரர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். “‘சின்னவனைப் பாத்துக்கோ’ன்னாங்க.”

அண்ணன் போர்வைக்கு உள்ளிருந்து கையை எடுத்துத் தம்பியின் முழங்கால் மேல் வைத்தார். அந்தக் கைக்கு எடையே இல்லை.

“இப்ப வந்து சொல்றியேடா,” என்றார். “எழுந்து உக்காரவே ரெண்டு பேர் வேணும். இனிமே உன்னை எப்படிடா பாத்துக்கறது?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அண்ணனுக்கு இருமலாக மாறியது. தம்பி முதுகைத் தடவிவிட்டார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தேன்,” என்றார் அண்ணன் பிறகு. “டிக்கெட்டும் வாங்கினேன். ஏறல. கல்லுல வேலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். வேலை ஒண்ணும் இல்ல. பயம். அம்மா சாகறதைப் பாக்கப் பயம். நீ வாசல்ல நின்னு திட்டினப்ப, கரெக்டாத்தானே சொல்றான்னு இருந்துச்சு. அதான் சரின்னேன்.”

கதவு வரை வந்து கையைத் தூக்கித் திரும்பிப் போன தம்பிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதன் பிறகு லீவில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. தையல்காரர் அண்ணனுடைய பழைய கோட்டை எடுத்து முழுக்கப் பிரித்தார். மிஷின் இல்லை. கையாலேயே தைத்தார். மார்பில் பத்து அங்குலம் குறைத்தார். குறைத்ததாகத் தெரியாமல் இருக்கத் தோளில் உள்துணி கொடுத்தார். போட்டுவிட்டபோது அண்ணன் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். “பரவாயில்லையே, நான் இன்னும் பாதி இருக்கேன்,” என்றார்.

கடைசி நாள் காலையில் வெயில் நன்றாக அடித்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தம்பி ஒரு பக்கம், விடுதிக்காரர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த பெரிய பாறைக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் அண்ணியும் மனைவியும் போர்வையோடு வந்தார்கள். அந்தப் பாறையில் ஆடுகளுக்கு நடுவே இரண்டு மனித உருவம் இருந்தது. குச்சிக் கை, குச்சிக் கால். ஒன்றின் கை இன்னொன்றின் கையைத் தொடுகிற மாதிரி.

“இவங்க யாரு?” என்று கேட்டார் தம்பி.

“யாருக்குடா தெரியும்? முப்பத்தஞ்சு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன். புதுசா கல்யாணமானவங்க வந்தா புருஷன் பொண்டாட்டிம்பேன். கூட்டாளிங்க வந்தா கூட்டாளிம்பேன். வாத்தியார் கூட்டிட்டு வந்தா வாத்தியாரும் மாணவனும். எல்லாரும் சந்தோஷமாப் போவாங்க.” மூச்சு வாங்கினார். “உனக்கு என்ன சொல்லட்டும்?”

“எனக்கு ஒண்ணும் சொல்லாதே.”

“நல்லது. மூச்சு மிச்சம்.”

வெயில் பாறையில் ஏறும்வரை எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமானது. கிளம்பும்போது தம்பி, “அடுத்த மாசம் வரேன்” என்றார். அண்ணன், “சரி” என்றார். இந்தத் தடவை அந்தச் சரி தைக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்குமே அது பொய் என்று தெரியும்.

வீட்டுக்குத் திரும்பிப் பன்னிரண்டாம் நாள் மனைவி தபால் நிலையத்திலிருந்து மத்தியானமே வந்துவிட்டாள். கடை வாசலில் நின்றாள். கையில் பிரித்த கடிதம். அவர் மிஷினை நிறுத்தினார். அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அண்ணனை அனுப்பி வைத்தார்களாம். அண்ணி எழுதியிருந்தார்.

தையல்காரர் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்தக் குடும்பத்தில் தன் கடிதத்தைத் தானே எழுதுவது. அண்ணிக்கு ஆறுதல் சொல்ல வேண்டியது தம்பி. அதை வேறு யாரும் அவருக்காகச் செய்யக்கூடாது.

துணி வெட்டுகிற மேஜையில் காகிதத்தை விரித்து உட்கார்ந்தார். நாலு நாள் ஆயிற்று. கால்சட்டைக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். முதல் நாள் ‘அன்புள்ள அண்ணிக்கு’ வரைக்கும் வந்தது. இரண்டாம் நாள் எழுதினதை மூன்றாம் நாள் கிழித்தார். அண்ணனோடு ஆற்றில் குதித்தது, அண்ணன் சட்டையை வெட்டித் தனக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு உதை வாங்கினது, வாசலில் நின்று தான் சொன்ன அந்த வார்த்தை, எல்லாவற்றையும் எழுதினார். எழுதும்போது காகிதத்தில் சொட்டின இடத்தில் மை பரவியது. அதைத் துடைக்காமல் விட்டுவிட்டார். நாலாம் நாள் மாலை, ஒரு முழுப் பக்கம் முடிந்தது. வாழ்க்கையிலேயே அவர் எழுதின நீளமான கடிதம் அதுதான்.

மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். “படிச்சுட்டுத் தபால்ல சேர்த்துடு. ஒரு எழுத்தையும் மாத்தாதே.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரர் காத்திருந்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவையாவது அவளை அழ வைத்துவிட்டோம் என்று, அவ்வளவு துக்கத்திலும், உள்ளே எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

“எப்படி இருக்கு?” என்றார்.

“நல்லா இருக்குங்க,” என்று அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். “ஆனா உங்க பேர்ல போன வாரமே ஒண்ணு போட்டுட்டேன். அதுல நீங்க இதைவிட நல்லா அழுதிருக்கீங்க.”